பாண்டாஸ் வந்து சேர்ந்துவிட்டது, வேறு வீட்டுக்கு

நீங்கள் எழுதியதைச் சுருக்கினால் இவ்வளவுதான். சேலத்திலிருந்து பெங்களூருக்கு வந்து ஒரு மாதம் ஆகிறது. டேட்டா சயின்ஸ் கோர்ஸுக்காக எஸ்பி ரோட்டில் ஒரு செகண்ட் ஹேண்ட் லேப்டாப் வாங்கினீர்கள். பைத்தான் மொழிக்கு லைப்ரரிகளை இறக்கித் தரும் கருவி பிப்; அதனிடம் பாண்டாஸ் என்ற டேட்டா லைப்ரரியைக் கேட்டு 'பிப் இன்ஸ்டால் பாண்டாஸ்' என்று அடித்தால் 'ரெக்கொயர்மென்ட் ஆல்ரெடி சாட்டிஸ்ஃபைடு' என்கிறது; அதே நிமிடம் விஎஸ் கோட் என்ற எடிட்டரில் புரோகிராமை ஓட்டினால் 'நோ மாட்யூல் நேம்டு பாண்டாஸ்' என்கிறது. பைத்தானை மூன்று தடவை அழித்துப் போட்டுப் பார்த்தாயிற்று. விண்டோஸையே புதிதாகப் போட்டுத் தரக் கடைக்காரர் 500 ரூபாய் கேட்கிறார், கொடுக்கலாமா என்று முடித்திருக்கிறீர்கள். ஆனால் உங்களைத் தூங்கவிடாமல் செய்வது அந்த 500 ரூபாய் இல்லை என்று நினைக்கிறேன். ஒரே கம்ப்யூட்டர் ஒரே பொருளை 'இருக்கிறது' என்றும் 'இல்லை' என்றும் எப்படிச் சொல்லும்? அதுதானே கேள்வி. இரண்டு பதிலும் உண்மை. பதில் சொன்னவர்கள்தான் இரண்டு பேர்.

பணம் கொடுக்க வேண்டாம், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நான் இந்த ஊருக்கு வந்து பதினேழு வருடம் ஆகிறது. ஒரு கம்பெனியில் அறுபது எழுபது டெவலப்பர்களின் மெஷின்களைப் பார்த்துக்கொள்வதுதான் பிழைப்பு. ஞாயிற்றுக்கிழமைகளில் அல்சூரில் நம் ஊர்ப் பிள்ளைகள் நாலைந்து பேருக்குப் பைத்தான் சொல்லித் தருகிறேன். இரண்டு இடத்திலும் அதிகம் வரும் புகார் எது என்று கேட்டால், லூப்பும் இல்லை, கிளாஸும் இல்லை, இதேதான். இன்னொன்று: கட்டளைகளை வாயால் சொல்வதுபோலத் தமிழிலேயே எழுதுகிறேன். நீங்கள் டெர்மினலில், அதாவது கமாண்ட் பிராம்ப்ட் போன்ற கட்டளை ஜன்னலில், ஆங்கிலச் சிறிய எழுத்தில் அடித்துக்கொள்ளுங்கள்.

பிடிஎம் லேஅவுட்டில் பிஜியில் இருப்பதாகச் சொன்னீர்கள். அப்படியானால் இது உங்களுக்கு எளிதில் விளங்கும். ஆட்டோவில் ஏறி '7ஆவது கிராஸ் போங்க' என்று மட்டும் சொன்னால் டிரைவர் திரும்பிப் பார்ப்பார். பிடிஎம்மில் ஒரு 7ஆவது கிராஸ், அதாவது குறுக்குத்தெரு, உண்டு, ஜெயநகரில் உண்டு, மல்லேஸ்வரத்திலும் உண்டு. எந்த லேஅவுட் என்று சொல்லாதவரை அது முகவரியே இல்லை. உங்கள் லேப்டாப்பில் 'பைத்தான்' என்ற சொல்லும் அப்படித்தான். நீங்கள் கண்ட்ரோல் பேனலில் பார்த்த 3.8, அனகோண்டா, 3.13 மூன்றும் மூன்று தனித்தனி வீடுகள். 3.8ம் 3.13ம் பைத்தானின் வெர்ஷன்கள்; அனகோண்டா என்பது டேட்டா சயின்ஸ் லைப்ரரிகளையும் சேர்த்துக் கட்டிய ஒரு பைத்தான் தொகுப்பு. ஒவ்வொன்றுக்கும் 'சைட்-பேக்கேஜஸ்' என்ற பெயரில் சொந்தமாக ஒரு ஃபோல்டர், அதாவது சாமான் அறை, இருக்கிறது. பாண்டாஸ் போன்றவை அங்கேதான் வந்து இறங்கும். ஒரு வீட்டின் அறையில் இருப்பதை அடுத்த வீடு எட்டிப் பார்க்காது. பிப் என்பதும் ஊர்ப்பொதுவான கூரியர் இல்லை. ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு பிப். ஜெயநகர் பிப்பிடம் பார்சலைக் கொடுத்துவிட்டு பிடிஎம் வாசலில் காத்திருந்தால் வராது. மறுபடி ஆர்டர் போட்டால் 'ஏற்கெனவே கொடுத்தாச்சே' என்றுதான் அவன் சொல்வான்.

இது ஊகம் இல்லை. நீங்கள் ஒட்டியிருந்த செய்தியிலேயே விடை கிடக்கிறது. 'ஆல்ரெடி சாட்டிஸ்ஃபைடு' என்ற சொற்களுக்குப் பிறகு ஒரு நீளமான பாதை வருகிறது பாருங்கள், அதன் கடைசிப் பகுதி 'அனகோண்டா3, லிப், சைட்-பேக்கேஜஸ்'. யாருமே அந்த வாலைப் படிப்பதில்லை. முழு வரியிலும் உபயோகமான தகவல் அது ஒன்றுதான். நீங்கள் அடித்த பிப், அனகோண்டா வீட்டுப் பிப். விஎஸ் கோடின் வலது கீழ் மூலையில் '3.13.1' என்று தெரிவதாக எழுதியிருந்தீர்கள். அப்படியென்றால் புரோகிராமை ஓட்டியது அனகோண்டா இல்லை, நீங்கள் பிறகு இறக்கிய 3.13. இதுவரை சொன்னதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

சந்தேகம் இருக்கும் இடம் வேறு. கமாண்ட் பிராம்ப்டில் வெறுமனே 'பைத்தான்' என்று அடித்தால் மைக்ரோசாஃப்ட் ஸ்டோர் திறக்கிறது, ஆனால் 'பிப்' மட்டும் ஓடுகிறது என்கிறீர்கள். இது விசித்திரமாகத் தெரியும், ஆனால் காரணம் உண்டு. நீங்கள் ஒரு கட்டளையை அடித்ததும் விண்டோஸ் 'பாத்' என்ற பட்டியலில் இருக்கும் ஃபோல்டர்களை வரிசையாகத் திறந்து பார்க்கும். முதலில் எங்கே அந்தப் பெயரில் கோப்பு கிடைக்கிறதோ அதை ஓட்டிவிட்டு நின்றுவிடும். அந்தப் பட்டியலே இரண்டு பாகம்: சிஸ்டத்துக்கு உரியது முன்னால், பயனருக்கு உரியது பின்னால். இதில் 2019 முதல் விண்டோஸ் ஒரு வேலை செய்துவைத்திருக்கிறது. 'விண்டோஸ்ஆப்ஸ்' என்ற ஃபோல்டரில் பைத்தான் என்ற பெயரில் ஒரு பொம்மைக் கோப்பு. அதற்குள் பைத்தான் கிடையாது. அதைத் தொட்டால் ஸ்டோர் திறக்கும், அவ்வளவுதான். அந்த ஃபோல்டரில் பிப் என்ற பெயரில் பொம்மை இல்லை. ஆகவே 'பைத்தான்' என்ற அழைப்பு பொம்மையிடம் முட்டி நிற்கிறது. 'பிப்' என்ற அழைப்பு அதைத் தாண்டிப் போய் அனகோண்டாவில் விழுகிறது. ஆனால் இதற்கு இரண்டு விதமாக வாய்ப்பு உண்டு. அனகோண்டாவின் ஃபோல்டர்கள் பொம்மைக்குப் பின்னால் வரிசையில் இருக்கலாம்; அல்லது பழைய சொந்தக்காரர் அனகோண்டாவின் 'ஸ்கிரிப்ட்ஸ்' ஃபோல்டரை மட்டும் பாத்தில் சேர்த்துவிட்டு, பைத்தான் இருக்கும் மேல் ஃபோல்டரை விட்டிருக்கலாம். இங்கிருந்து இரண்டில் எது என்று சொல்ல முடியாது. உங்கள் மெஷின்தான் சொல்ல வேண்டும்.

அதைக் கேட்பது எளிது. கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து 'வேர் பைத்தான்', பிறகு 'வேர் பிப்' என்று அடியுங்கள் ('எங்கே' என்று பொருள்படும் ஆங்கில 'வேர்'). அந்தப் பெயரில் பாத்தில் இருக்கும் எல்லாக் கோப்புகளும், எந்த வரிசையில் தேடப்படுமோ அந்த வரிசையிலேயே வரும். முதல் வரியில் வருபவர்தான் ஓடப்போகிறவர். இங்கே ஒரு குழி இருக்கிறது, நானே விழுந்திருக்கிறேன்: விஎஸ் கோடுக்குள் திறக்கும் டெர்மினல் பெரும்பாலும் கமாண்ட் பிராம்ப்ட் இல்லை, பவர்ஷெல் என்ற வேறு வகை. அதில் 'வேர்' என்பது வேறு ஒரு கட்டளையின் சுருக்கப்பெயர். அடித்தால் பிழையும் காட்டாது, விடையும் தராது, வெறும் வரி. பைத்தானே இல்லை போலிருக்கிறது என்று நினைத்து நாலாவது தடவை இன்ஸ்டால் செய்ய உட்கார்ந்துவிடுவீர்கள். பவர்ஷெல்லில் 'வேர் புள்ளி இஎக்ஸ்இ' என்று முழுப்பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும்.

அடுத்தது, 'பை' (பி, ஒய் என்ற இரண்டே எழுத்து) என்று ஒரு கட்டளை இருக்கிறது. பைத்தான் டாட் ஆர்க் தளத்திலிருந்து இறக்கிய இன்ஸ்டாலர், பாத்தில் பைத்தானைச் சேர்க்கும் கட்டத்தை நீங்கள் டிக் செய்தால்தான் சேர்க்கும். தானாக டிக் ஆகியிருக்காது, பலரும் கவனிக்காமல் 'இன்ஸ்டால் நவ்' அடித்துவிடுவார்கள். ஆனால் கேட்ட பைத்தானை எழுப்பித் தரும் இந்தப் 'பை' என்ற குட்டி லாஞ்சரை அது வழக்கமாகவே போட்டுவிடும். 'பை', இடைவெளி, ஹைஃபன், சைபர், பி என்று அடித்தால் மெஷினில் பதிவான பைத்தான்களின் பட்டியல் முழுப் பாதையோடு வரும். அனகோண்டா இந்தப் பட்டியலில் சில மெஷின்களில் வரும், சிலவற்றில் வராது. இன்ஸ்டால் செய்தவர் அதை விண்டோஸில் பதிவு செய்தாரா என்பதைப் பொறுத்தது. வராவிட்டால் அனகோண்டா போய்விட்டது என்று அர்த்தமில்லை.

மூன்றாவது சோதனைதான் எல்லாவற்றிலும் நம்பகமானது, ஏனென்றால் அது பாத்தையும் நம்புவதில்லை, நம் ஊகத்தையும் நம்புவதில்லை. எந்தப் புரோகிராம் பிழை காட்டுகிறதோ அதன் தலையிலேயே, பாண்டாஸை இம்போர்ட் செய்யும் வரிக்கு மேலே, 'இம்போர்ட் சிஸ்' என்றும் அடுத்த வரியில் 'பிரின்ட்' அடைப்புக்குள் 'சிஸ் புள்ளி எக்ஸிக்யூட்டபிள்' என்றும் எழுதி ஓட்டுங்கள். இப்போது என்னை ஓட்டிக்கொண்டிருப்பது யார் என்று புரோகிராமே தன் வாயால் சொல்லும். இந்த ஒரு வரி எனக்கு மிச்சப்படுத்திய நேரம் கொஞ்சநஞ்சமில்லை. 'சிஸ் புள்ளி பாத்' என்பதையும் அச்சிட்டால், மாட்யூலைத் தேடி எந்தெந்த ஃபோல்டர்களுக்குப் போகிறது என்பதும் தெரிந்துவிடும்.

மூன்று தடவை அழித்துப் போட்டும் ஏன் சரியாகவில்லை என்பதற்கும் இப்போது விடை கிடைத்திருக்கும். நீங்கள் ஒவ்வொரு தடவையும் 3.13 வீட்டை இடித்துக் கட்டினீர்கள். பாத்தின் வரிசை மாறவில்லை, அனகோண்டா அசையவில்லை, பொம்மையும் இருந்த இடத்திலேயே இருக்கிறது. போதாததற்கு, பைத்தானை அன்இன்ஸ்டால் செய்யும்போது பிப் கொண்டுவந்து போட்ட சாமான்கள் பெரும்பாலும் அந்த ஃபோல்டரிலேயே தங்கிவிடும், இன்ஸ்டாலர் தான் வைத்ததை மட்டுமே எடுக்கும். 'நார்மல் சைட்-பேக்கேஜஸ் இஸ் நாட் ரைட்டபிள்' என்று பிப் எப்போதாவது சொல்லியிருந்தால், அது உங்கள் பயனர் கணக்குக்குள் இன்னொரு சாமான் அறையையும் திறந்திருக்கும். அதை எந்த அன்இன்ஸ்டாலும் தொடாது.

சரி, செய்ய வேண்டியது. இனிமேல் 'பிப்' என்று தனியாக அடிக்கவே அடிக்காதீர்கள். 'பைத்தான், ஹைஃபன் எம், பிப், இன்ஸ்டால்' என்று அடியுங்கள். விண்டோஸில் இன்னும் துல்லியமாக 'பை, ஹைஃபன் 3.13, ஹைஃபன் எம், பிப், இன்ஸ்டால், பாண்டாஸ்'. 'இந்த வீட்டுக்காரரே, உங்கள் வீட்டுப் பிப்பைக் கூப்பிடுங்கள்' என்பது இதன் பொருள். பார்சல் வேறு தெருவுக்குப் போக வழியே இல்லை. உங்கள் இப்போதைய பிரச்சினை இந்த ஒரு வரியிலேயே தீர்ந்துவிடும் என்று என்னால் உறுதியாகச் சொல்ல முடியும், விஎஸ் கோட் உண்மையிலேயே அந்த 3.13ஐத்தான் ஓட்டுகிறது என்றால்.

ஆனால் அதோடு நிறுத்த வேண்டாம் என்பது என் அபிப்பிராயம். கோர்ஸ் ஆறு மாதம் என்றீர்கள். ஒரு பாடத்துக்கு ஒரு வெர்ஷன், அடுத்ததற்கு வேறு வெர்ஷன் என்று வரும். எல்லாவற்றையும் ஒரே அறையில் கொட்டினால் மறுபடி அடிதடிதான். ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு ஃபோல்டர், அதற்குள் ஒரு வென்வ் (விஇஎன்வி), அதாவது அந்தப் பாடத்துக்கு மட்டுமான தனி வீடு. வென்வ் என்பது பைத்தான் 3.3 முதல், அதாவது 2012 முதல், பைத்தானோடு சேர்ந்தே வருவது. தனியாக எதுவும் இறக்க வேண்டாம். பாடத்தின் ஃபோல்டருக்குள் போய் 'பை, ஹைஃபன் 3.13, ஹைஃபன் எம், வென்வ், புள்ளிவென்வ்' என்று அடித்தால் அதே பெயரில் ஒரு ஃபோல்டர் உருவாகும். அதற்குள் ஒரு தனிச் சாமான் அறை. பிறகு அதை ஆக்டிவேட் செய்ய வேண்டும்: 'புள்ளிவென்வ்' ஃபோல்டருக்குள் 'ஸ்கிரிப்ட்ஸ்', அதற்குள் 'ஆக்டிவேட்'. பவர்ஷெல்லில் இதைச் செய்யும்போது 'ரன்னிங் ஸ்கிரிப்ட்ஸ் இஸ் டிஸேபிள்டு' என்று சிவப்பில் திட்டும். பைத்தானுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, அது பவர்ஷெல்லின் பாதுகாப்பு விதி. விஎஸ் கோட் டெர்மினலில் பவர்ஷெல்லுக்குப் பதில் கமாண்ட் பிராம்ப்டைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது சுலபமான வழி. வரியின் தொடக்கத்தில் அடைப்புக்குறிக்குள் வென்வின் பெயர் தெரிந்தால் உள்ளே இருக்கிறீர்கள் என்று அர்த்தம். இப்போது பாண்டாஸைப் போடுங்கள். கடைசியாக விஎஸ் கோடில் கன்ட்ரோல், ஷிஃப்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தி, 'பைத்தான்: செலக்ட் இன்டர்பிரிட்டர்' என்பதில் இந்தப் 'புள்ளிவென்வ்' பைத்தானைக் காட்டுங்கள். டெர்மினலில் ஆக்டிவேட் செய்துவிட்டு இதை மறந்துவிடுவதுதான் வழக்கமான தவறு. டெர்மினல் ஒரு வீட்டில், ரன் பொத்தான் இன்னொரு வீட்டில். நீங்கள் தொடங்கிய இடத்துக்கே திரும்பி வந்திருப்பீர்கள்.

வென்வ் ஃபோல்டரை நகர்த்தாதீர்கள், பென் டிரைவில் நண்பருக்குக் கொடுக்காதீர்கள். அதற்குள் பல இடங்களில் முழுப் பாதை எழுதப்பட்டிருக்கும். இடம் மாறினால் ஆக்டிவேட்டும் பிப்பும் பழைய முகவரியைத் தேடும். 'பைத்தான், ஹைஃபன் எம், பிப், ஃப்ரீஸ்' என்பதன் விடையாக வரும் லைப்ரரிப் பட்டியலை ஒரு கோப்பில் எழுதிக் கொடுத்தால் போதும், நண்பர் தன் மெஷினில் புதிதாகக் கட்டிக்கொள்வார். வென்வ் கெட்டுப்போனால் வருத்தப்படாமல் அழித்துவிட்டு மறுபடி போடலாம், அதற்காகத்தான் அது இருக்கிறது.

இனி நோட்புக். கோர்ஸில் ஜூபிட்டர், அதாவது புரோகிராமைத் துண்டு துண்டாக ஓட்டிப் பார்க்கும் நோட்புக், வரும் என்று எழுதியிருந்தீர்கள், அங்கேயும் இதே கதை வேறு வேஷத்தில் வரும். நோட்புக்கை ஓட்டுவது கெர்னல், அதாவது அதன் பின்னால் ஓடும் பைத்தான். அது எந்தப் பைத்தானும் ஆகலாம். நோட்புக்கின் ஒரு கட்டத்தில் ('செல்') ஆச்சரியக்குறி போட்டு 'பிப் இன்ஸ்டால்' என்று எழுதச் சொல்லும் பாடங்கள் நிறைய. அந்தக் குறி வெளியே இருக்கும் ஷெல்லை, அதாவது கட்டளை ஜன்னலை, கூப்பிடுகிறது; அதாவது மறுபடி பாத்தின் கையில் மாட்டிக்கொள்கிறீர்கள். ஆச்சரியக்குறிக்குப் பதில் சதவீதக் குறி போட்டு எழுதினால், ஓடிக்கொண்டிருக்கும் கெர்னலுக்கே போய்ச் சேரும்.

வீடு சரியாக இருந்தும் 'நோ மாட்யூல்' வரலாம். பெயர்க் குழப்பம் ஒரு காரணம். இம்போர்ட் செய்யும் பெயரும் பிப்பில் கேட்கும் பெயரும் ஒன்றாக இருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. 'சிவி2' வேண்டுமானால் 'ஓப்பன்சிவி-பைத்தான்' என்று கேட்க வேண்டும். 'பிஐஎல்' வேண்டுமானால் 'பில்லோ'. 'எஸ்கேலேர்ன்' வேண்டுமானால் 'சைகிட்-லேர்ன்'. 'பிஎஸ்4' என்பது 'பியூட்டிஃபுல்சூப்4'. நம் ஊரில் ரேஷன் கார்டில் ஒரு பெயர், தெருவில் ஒரு பெயர் இருப்பதில்லையா, அந்த மாதிரி. தெரியாவிட்டால் அந்த லைப்ரரியின் சொந்தப் பக்கத்தில் பார்த்துவிட்டு அடியுங்கள், தோராயமாக அடித்துப் பார்க்காதீர்கள். பிப் லைப்ரரிகளை எடுக்கும் கிடங்கு, யார் வேண்டுமானாலும் பெயர் பதிந்து ஏற்றக்கூடிய இடம். 2019 டிசம்பரில் 'பைத்தான்3-டேட்யூட்டில்' என்று உண்மையான லைப்ரரியின் பெயரை ஒட்டி ஒரு போலி பிடிபட்டது. அது இழுத்துவந்த இன்னொரு போலி, 'ஜெல்லிஃபிஷ்' என்ற லைப்ரரியின் பெயரில் ஒரே ஒரு எழுத்தை மட்டும் மாற்றி வைத்தது, வேறு கம்ப்யூட்டர்களுக்குள் நுழைய உதவும் எஸ்எஸ்எச் சாவிகளைத் திருடிக்கொண்டிருந்தது. பிறகு இரண்டையும் நீக்கினார்கள்.

இன்னொரு காரணம் உங்கள் கோப்பின் பெயர். போன வருடம் என் ஞாயிறு வகுப்பில் ஒரு பெண் ரேண்டம் எண்கள் பழகுவதற்காகக் கோப்புக்கு 'ரேண்டம் புள்ளி பிஒய்' என்றே பெயர் வைத்துவிட்டாள்.  அடுத்த வாரம் அதே ஃபோல்டரில் நம்பை என்ற கணக்கு லைப்ரரியை இம்போர்ட் செய்தால் சம்பந்தமில்லாமல் பத்துப் பதினைந்து வரிப் பிழை. பைத்தான் முதலில் தேடும் இடம் ஓடும் புரோகிராம் இருக்கும் ஃபோல்டர்தான். அங்கே வீட்டுப்பிள்ளை ஒருவன் அந்தப் பெயரில் இருந்தால் வெளியே தேடப் போவதே இல்லை. பைத்தான் 3.13 இப்படி நடந்தால் 'உன் கோப்பின் பெயரை மாற்றிப் பார்' என்று பிழைச்செய்தியிலேயே சொல்கிறது. அந்தப் பெண்ணிடம் இருந்தது 3.10. அவளுக்கு நானும் ஒரு மணி நேரம் கழித்துத்தான் கண்டுபிடித்துச் சொன்னேன்.

வெர்ஷன் மாறியதால் காணாமல் போனவையும் உண்டு. இங்கே மாட்யூல் உண்மையிலேயே இல்லை. 'டிஸ்ட்யூட்டில்ஸ்', 'இம்ப்' இரண்டையும் 3.12இல் எடுத்துவிட்டார்கள், 'சிஜிஐ', 'டெல்நெட்லிப்' போன்ற ஒரு கூட்டத்தை 3.13இல். பழைய யூடியூப் பாடத்தைப் பார்த்து அடிக்கும்போது இவற்றில் ஒன்று கேட்டால், இன்ஸ்டால் செய்யத் தேடாதீர்கள், பாடம் பழையது என்று புரிந்துகொள்ளுங்கள். இதற்கு நேர் எதிரானது புத்தம் புது வெர்ஷனின் தொல்லை. பாண்டாஸ், நம்பை, மெஷின் லேர்னிங்குக்கான டென்சர்ஃப்ளோ எல்லாவற்றுக்குள்ளும் சி, சி++ மொழிகளில் எழுதிக் கம்பைல் செய்த, அதாவது மெஷின் மொழிக்கு மாற்றிய, பகுதிகள் உண்டு. ஒவ்வொரு பைத்தான் வெர்ஷனுக்கும் தனியாகக் கம்பைல் செய்து 'வீல்' என்ற வடிவில் ஏற்றிவைக்கிறார்கள். பைத்தான் ஒவ்வொரு அக்டோபரிலும் புது வெர்ஷன் வெளியிடுகிறது. பெரிய லைப்ரரிகள் எல்லாம் உடனே கூட வருவதில்லை, டென்சர்ஃப்ளோ இதில் எப்போதும் கொஞ்சம் ஆமை. அந்த இடைவெளியில் போட்டால் 'நோ மேட்சிங் டிஸ்ட்ரிபியூஷன்' என்றோ, 'மைக்ரோசாஃப்ட் விஷுவல் சி++ 14.0 வேண்டும்' என்றோ வரும். பல ஜிபி கம்பைலரை இறக்குவதற்கு முன் ஒரு வெர்ஷன் பின்னால் போய்ப் பாருங்கள், முக்கால்வாசி நேரம் அதுவே போதும். கோர்ஸில் டென்சர்ஃப்ளோ வரும்போது நான் உங்கள் இடத்தில் இருந்தால், அதன் இன்ஸ்டால் பக்கத்தில் எந்தெந்தப் பைத்தான் என்று பார்த்து, அதற்கென்றே ஒரு வென்வ் போடுவேன். 32 பிட் பைத்தான் மாட்டியிருந்தாலும் இதே பிழை வரும். செகண்ட் ஹேண்ட் மெஷினில் அந்த 3.8 எந்த வகை என்று யாருக்குத் தெரியும்.

உங்கள் அறை நண்பர் உபுண்டு 24.04 என்ற லினக்ஸில் பிப் அடித்தால் 'எக்ஸ்டர்னலி மேனேஜ்டு என்விரான்மென்ட்' என்று மறுக்கிறது என்றும் கேட்டிருந்தீர்கள். அது பழுது இல்லை, காவல். லினக்ஸில் பைத்தான் 3 நமக்காக வைத்தது இல்லை. சிஸ்டத்தின் சொந்தக் கருவிகள் பலவும் அதன் மேல்தான் ஓடுகின்றன. அதன் சாமான் அறையில் பிப் கை வைத்தால் சிஸ்டம் நொண்டும் என்பதால் 2023 முதல் டெபியனும் உபுண்டுவும் கதவை அடைத்துவிட்டன. செய்தியின் கடைசியில் 'பிரேக் சிஸ்டம் பேக்கேஜஸ்' என்று ஒரு வழியும் சொல்லும். பெயரிலேயே எச்சரிக்கை இருக்கிறது, அந்தப் பக்கம் போக வேண்டாம். அவருக்கும் வென்வ்தான் மருந்து. 'ஆப்ட் இன்ஸ்டால் பைத்தான்3-வென்வ்' முதலில் தேவைப்படும்; ஆப்ட் என்பது உபுண்டுவின் சொந்த இன்ஸ்டால் கட்டளை.

இதை அவ்வளவு அழுத்திச் சொல்ல எனக்குக் காரணம் உண்டு. 2020 ஊரடங்கில், வீட்டு மெஷினில் உபுண்டு 18.04. அதோடு வந்த பைத்தான் 3.6 எனக்குப் பழசாகத் தெரிந்தது. 3.8ஐப் போட்டு, 'பைத்தான்3' என்ற பெயரையே அதற்கு மாற்றிக் கொடுத்துவிட்டேன். மெஷின்களைப் பார்த்துக்கொள்வதே தொழில் என்ற திமிர். மறுநாள் காலை டெர்மினலைச் சொடுக்கினால் திறக்கவில்லை. பிழையும் இல்லை, ஒன்றும் இல்லை. உபுண்டுவில் டெர்மினலைத் திறக்கும் கோப்பே ஒரு பைத்தான் புரோகிராம் என்பது எனக்கு அன்றுதான் தெரியும். அதற்கு வேண்டிய கம்பைல் செய்த பகுதி 3.6க்கு மட்டுமே இருந்தது, 3.8 அதைத் திறக்க முடியாமல் ஓசையில்லாமல் விழுந்துவிட்டது. 'ஆப்ட்' ஓட்டினால் 'நோ மாட்யூல் நேம்டு ஆப்ட்_பிகேஜி'. கன்ட்ரோல், ஆல்ட், எஃப்3 அழுத்திக் கறுப்புத் திரைக்குள் போய், பெயரை மறுபடி 3.6க்கே மாற்றிக் கொடுத்ததும் எல்லாம் உயிர் பெற்றன. இரண்டு நிமிட வேலை, கண்டுபிடிக்க அரை நாள். நல்லவேளை, நான் பழைய 3.6ஐ 'சுத்தம்' செய்திருக்கவில்லை. செய்திருந்தால் அன்று உபுண்டுவையே புதிதாகப் போட்டிருப்பேன்.

விண்டோஸில் அந்தப் பயம் வேண்டாம், அங்கே பைத்தான் சிஸ்டத்தின் பகுதி இல்லை, தாராளமாகச் சுத்தம் செய்யலாம். 3.8க்கு 2024 அக்டோபரோடு ஆதரவு முடிந்துவிட்டது, எடுத்துவிடுங்கள். அனகோண்டாவை என்ன செய்வது என்பது உங்கள் கோர்ஸைப் பொறுத்தது. வாத்தியார் அனகோண்டாவின் 'கோண்டா' கட்டளைகளில் சொல்லித் தந்தால் அதை வைத்துக்கொண்டு 3.13ஐ மறந்துவிடுங்கள், இல்லையென்றால் அனகோண்டாவை அன்இன்ஸ்டால் செய்யுங்கள். அது மோசமான பொருள் இல்லை, பல கஷ்டமான லைப்ரரிகளை அலுங்காமல் கொண்டுவந்து தரும். ஆனால் புதிதாகப் படிப்பவருக்கு இரண்டு சமையற்கட்டு வேண்டாம் என்பது என் கட்சி. இதில் என்னோடு சண்டை போடுபவர்கள் அலுவலகத்திலேயே இருக்கிறார்கள். பிறகு ஸ்டோர் பொம்மையை அணைத்துவிடுங்கள்: செட்டிங்ஸில் தேடும் இடத்தில் 'ஆப் எக்ஸிக்யூஷன் ஏலியாசஸ்' என்று அடித்தால் வரும், அங்கே பைத்தான் பெயரில் இருக்கும் இரண்டு சுவிட்சுகள். கடைசியாக 'என்விரான்மென்ட் வேரியபிள்ஸ்' திறந்து, பாத் பட்டியலில் இப்போது அழிந்துபோன ஃபோல்டர்களைக் காட்டும் வரிகளை எடுங்கள். 'பைத்தான்பாத்' அல்லது 'பைத்தான்ஹோம்' என்ற பெயரில் பழைய சொந்தக்காரர் ஏதாவது விட்டுவைத்திருந்தால் அதையும். இவை இரண்டும் எல்லா வீட்டுக்காரர்களின் காதிலும் ஒரே பொய்யைச் சொல்லக்கூடியவை.

அந்த 500 ரூபாய்க்கு வருகிறேன். பைத்தானுக்காக விண்டோஸை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் நீங்கள் ஒட்டிய பாதையில் 'யூசர்ஸ்' என்பதற்கு அடுத்து இருப்பது உங்கள் பெயர் இல்லையே தம்பி. அப்படியென்றால் யாரோ ஒருவரின் கணக்குக்குள் உட்கார்ந்து பேங்க் பாஸ்வேர்டு வரை அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். அந்த ஒரு காரணத்துக்காக நான் ரீசெட் செய்யச் சொல்வேன். செட்டிங்ஸில் 'ரெக்கவரி' பகுதியில் 'ரீசெட் திஸ் பிசி' இருக்கிறது, 'ரிமூவ் எவ்ரிதிங்' தேர்ந்தெடுங்கள், கடைக்குப் போக வேண்டாம், காசும் வேண்டாம். அதற்கு முன் 'ஆக்டிவேஷன்' பக்கத்தில் விண்டோஸ் ஆக்டிவேட் ஆகியிருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள், உங்கள் கோப்புகளை வேறு இடத்தில் எடுத்துவையுங்கள், சார்ஜரைச் செருகிவிட்டு ஆரம்பியுங்கள். அப்படிச் செய்தால் மேலே சொன்ன சுத்தம் எதுவும் தேவைப்படாது. ஒரே ஒரு பைத்தானை இறக்கி, அந்தப் பாத் கட்டத்தை டிக் செய்து, நேரே வென்வில் தொடங்கலாம்.

ரீசெட் செய்யாமல் முதலில் இதை முயன்று பார்த்து, இன்னும் 'நோ மாட்யூல்' என்றே வந்தால், 'வேர் பைத்தான்', 'பை ஹைஃபன் சைபர் பி', புரோகிராமுக்குள் 'சிஸ் புள்ளி எக்ஸிக்யூட்டபிள்', இந்த மூன்றின் விடையையும் இதற்குக் கீழே போடுங்கள். போனில் திரையைப் படம் எடுத்துப் போட வேண்டாம், எழுத்தாகவே நகலெடுத்து ஒட்டுங்கள். போன தடவை நீங்கள் போட்ட படத்தில் விஎஸ் கோடின் பிழைச்செய்தி முழுசாக இருந்தது, அதற்கு மேலே பைத்தானின் பாதை இருந்த வரி மட்டும் ஓரத்தில் வெட்டுப்பட்டிருந்தது.